நெட் வரலன்னா மொதல்ல எங்க பாக்கணும்: மலையகத்து வீட்டு வைஃபையும் லெப்டொப்பும்

ஞாயித்துக்கெழம காலையில போன் அடிச்சா பாதி நேரம் இதே கேள்வி தான் வருது. "தம்பி, வீட்டுல நெட் வேல செய்யல, புது ரவுட்டர் வாங்கணுமா?" இல்லன்னா "அண்ணே, மகளுக்கு எடுத்த லெப்டொப் சரியில்ல, வேற எடுக்கணும் போல". நான் ஹட்டன் டவுன்ல லெப்டொப், போன் ரிப்பேர் வேல செய்றேன், லீவு நாள்ல நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை பக்கம் தோட்டத்து வீடுகளுக்கு போயி வைஃபையும் போட்டு குடுக்குறேன். இவ்வளவு நாள்ல நான் பாத்தது என்னன்னா, புதுசா வாங்க கெளம்புன வீடுகள்ல பாதிக்கு மேல பொருள்ல ஒரு கொறையும் இருக்கல, அத வச்சிருந்த எடத்துல தான் கொற இருந்திச்சி. அம்மா மலையில கொழுந்தெடுத்து சேத்த காசு அது, அது தேவையில்லாம ஒரு கடையில போய் விழக்கூடாதுன்னு தான் இத எழுதுறேன். பொருள மாத்த முன்னுக்கு எடத்த மாத்தி பாருங்க.

ஒரு விசயம் வெளங்கிக்கணும். மேல ஊத்துல இருந்து பைப் போட்டு லயத்துக்கு தண்ணி கொண்டு வர்றோம்ல, வீட்டு பைப்புல தண்ணி வரலன்னா நம்ம பைப்ப கழட்டி புதுசு வாங்குறதில்ல, ஊத்துல தண்ணி இருக்கா, நடுவுல பைப் ஒடைஞ்சிருக்கா, டாங்கி நெறஞ்சிருக்கான்னு மேல இருந்து பாத்துகிட்டு வருவோம். நெட்டும் அப்படி தான். டவர்ல இருந்து ரவுட்டருக்கு, ரவுட்டர்ல இருந்து செவரு தாண்டி லெப்டொப்புக்கு, எங்க அடைச்சிருக்குன்னு தெரியாம காச எறக்காதீங்க.

அத கண்டுபிடிக்க ரெண்டு நிமிசம் போதும். ஒரு போன்ல டேட்டாவ ஓஃப் பண்ணிட்டு வைஃபைய மட்டும் போட்டு, ரவுட்டர் பக்கத்துலயே ஒரு அடி தூரத்துல நின்னு ஏதாவது ஒரு வீடியோவ ஓட விடுங்க. அங்கயே ஓடலன்னா கொற ரவுட்டருக்கு முன்னால இருக்கு, அதாவது டவர், சிம், பேக்கேஜ், லைன். அங்க ஓடுது ஆனா உள் காம்பராவுல ஓடலன்னா செவரும் தகரமும். ரெண்டு எடத்துலயும் போன்ல ஓடுது, லெப்டொப்ல மட்டும் இல்லன்னா லெப்டொப். இத பாத்துட்டு கீழ ஒங்க கொறைக்கு எது ஒத்து வருதோ அந்த எடத்துக்கு போங்க.

"ரவுட்டர் பக்கத்துலயே ஸ்லோ, சிக்னல் ஒரு கோடு தான்"

மலையகத்துல கூடுதலா வர்ற கொற இது தான், அதனால இத கொஞ்சம் விரிவா சொல்றேன். நம்ம பக்கம் வீடெல்லாம் ஒரு மலைக்கு பின்னால ஒளிஞ்ச மாதிரி தான் இருக்கும், டவர் எதிர் மலையில இருக்கும், நடுவுல ஒரு மேடு வந்தாலே போதும். அது போக பழைய லயத்து கருங்கல் செவரு, மேல தகரம். தகரம் சிக்னல உள்ள விடாது, திருப்பி அடிச்சிரும். அதனால தான் வீட்டுக்குள்ள ஒரு கோடு, இஸ்தோப்புல வந்து நின்னா மூணு கோடுன்னு வரும்.

கோட பாத்து முடிவெடுக்காதீங்க, அது கம்பனிக்கு கம்பனி, போனுக்கு போன் மாறும். நம்பர பாருங்க. ரவுட்டருக்கு அடியில ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதுல 192.168.1.1 இல்லன்னா 192.168.8.1 மாதிரி ஒரு நம்பரும் யூசர் நேம், பாஸ்வர்டும் இருக்கும். வைஃபையில இருந்துகிட்டே போன் பிரவுசர்ல அந்த நம்பர அடிச்சு உள்ள போனா ஸ்டேட்டஸ்னு ஒரு எடத்துல ஆர்.எஸ்.ஆர்.பி.ன்னு ஒன்னு காட்டும், டவர் சிக்னல் எவ்வளவு பலமா வருதுன்னு சொல்ற நம்பர் அது. அது மைனஸ்ல இருக்கும், 0க்கு கிட்ட வர வர நல்லது. மைனஸ் 90க்கு உள்ள இருந்தா ரொம்ப நல்லம், 100 வரைக்கும் சூம் கிளாஸ் தாங்கும், 110 தாண்டுனா இழுக்கும், 115க்கு மேல போனா விட்டு விட்டு தான் வரும். பக்கத்துலயே எஸ்.ஐ.என்.ஆர்.ன்னு இன்னொன்னு இருக்கும், அது சிக்னல் எவ்வளவு சுத்தமா வருதுன்னு காட்டுறது, அது கூட கூட நல்லது, 10க்கு மேல இருந்தா போதும், 0க்கு கீழ போனா முன்னது எவ்வளவு நல்லா இருந்தாலும் பிரயோசனமில்ல.

போன மாசம் நோர்வூட் பக்கம் ஒரு தோட்டத்துக்கு போனேன். அந்த அக்கா ரவுட்டர டீ.வி. ஸ்டேண்டுக்கு பின்னால, சாமி படத்துக்கு கீழ, அழகா ஒரு துணி விரிச்சு வச்சிருந்தாங்க, தூசு படக்கூடாதுன்னு மேலயும் ஒரு துணி போத்தி. மகன் ஏ.எல். படிக்கிறான், ரெண்டு மாசமா கிளாஸ் பாதியில அறுந்து போகுதுன்னு அவன் கிளாஸ் நேரத்துல ரோட்டுக்கு ஏறி போய் ஒக்காந்து போன்ல பாக்குறான். நான் போன்ல அந்த பக்கத்த தொறந்து பாத்தா மைனஸ் 114. ரவுட்டர கையில எடுத்துகிட்டு, ஒரு நீளமான வயர்ல கரண்ட் குடுத்து, முன் ஜன்னலுக்கு வந்தேன். ஒரு நிமிசம் நின்னேன், ஏன்னா நம்பர் ஒடனே மாறாது, மெதுவா தான் எறங்கும். 105. ஜன்னல்லயே ரெண்டு அடி வலது பக்கம் தள்ளி, கொஞ்சம் ஒசத்தி புடிச்சேன், 97. அந்த ரெண்டு அடியில தான் எதிர் மலைக்கும் ஜன்னலுக்கும் நடுவுல நின்ன டர்பன்டைன் மரம் வெலகுது, அங்க நின்னு பாத்தா டவர்ல செவப்பு லைட்டே தெரியுது. அந்த எடத்துல ஒரு பலகைய அடிச்சு ரவுட்டர வச்சோம், துணிய எடுத்துட்டோம், 2ல இருந்த ஸ்பீட் 14க்கு வந்திச்சி. அந்த பையன் ஒன்னும் சொல்லல, லெப்டொப்ப தொறந்து விட்டுப்போன கிளாஸ் ரெக்கோர்டிங்க பாக்க ஆரம்பிச்சிட்டான். செலவு ஒரு பலகையும் அஞ்சு மீட்டர் வயரும்.

நீங்களும் அதே மாதிரி செய்யுங்க, ஒவ்வொரு ஜன்னலா, ஒவ்வொரு எடத்துலயும் ஒரு நிமிசம் நின்னு, நம்பர ஒரு கொப்பியில எழுதுங்க. ஜன்னலுக்கு இரும்பு கிரில் அடைச்சு போட்டிருந்தா அதுவும் கொஞ்சம் தடுக்கும். தரையில வைக்காதீங்க, இரும்பு அலுமாரி மேல வைக்காதீங்க.

பனி மூடுனா சிக்னல் போயிரும்னு நம்மாளுக நெறைய பேரு நம்புறாங்க. பனியால 4ஜி சிக்னலுக்கு பெருசா ஒன்னும் ஆகாது. மழையில நனைஞ்ச மரம் அதவிட கூட தடுக்கும். பெரிய மழை, கரண்ட் கட் நேரத்துல டவருக்கே கொற வரும், டவர் பேட்டரி எறங்கிப்போனா சுத்தியிருக்க எல்லா வீட்டுக்கும் போயிரும். 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல்ல மண் சரிஞ்சு கரண்டும் டவரும் போன நாள்ல எத்தனையோ பேரு ரவுட்டர ரீசெட் பண்ணி, இருந்த செட்டிங்கயும் அழிச்சிட்டாங்க. நெட் போனா மொதல்ல பக்கத்து வீட்டுல கேளுங்க. அவங்களுக்கும் இல்லன்னா ஒங்க ரவுட்டர தொடாதீங்க.

எடம் மாத்தியும் 110க்கு உள்ள வரலன்னா ரெண்டு வழி இருக்கு. ஒன்னு வேற கம்பனி சிம். எந்த கம்பனி நல்லம்னு என்கிட்ட கேக்காதீங்க, ஒங்க வீட்டு ஜன்னல்ல எது நல்லா எடுக்குதோ அது தான் நல்லம், வேற வேற கம்பனி சிம் உள்ள போன்கள நாலு வீட்டுல கேட்டு வாங்கி ராத்திரி 7 மணியில இருந்து 9 மணிக்குள்ள பாருங்க, ஏன்னா பகல்ல எல்லாமே நல்லா தான் இருக்கும். ரவுட்டர் ஒரு கம்பனிக்கு லொக் பண்ணினதான்னும் கேட்டுக்கோங்க, சில வீட்டு பேக்கேஜ் அந்த வீட்டுக்கே பூட்டி தான் தருவாங்க, வேற தோட்டத்துக்கு கொண்டு போனா வேல செய்யாது. ரெண்டாவது வெளி அன்டனா. ரவுட்டர்ல அன்டனாவுக்கு ரெண்டு ஓட்ட இருக்கான்னு பாத்துட்டு ரெண்டு வயருள்ளது எடுங்க, வயர் நீளம் கூட கூட சிக்னல தின்னுரும், அதனால 20 மீட்டர் வேணாம், 5 மீட்டருக்குள்ள முடிங்க. சுத்தமா சிக்னலே இல்லாத பள்ளத்துல இருக்கவங்களுக்கு 2025 ஜூலையில இருந்து ஸ்டார்லிங்க் இருக்கு, ஆனா அதுக்கு மேல வானம் மறைப்பில்லாம தெரியணும், வெலையும் ஒரு குடும்பத்துக்கு பாரம், நாலஞ்சு வீடு சேந்தா யோசிக்கலாம்.

பைபர் லைன் உள்ள வீடுன்னா கத வேற. டப்பாவுல லொஸ்னு எழுதுன எடத்துல செவப்பு லைட் எரிஞ்சா வெளிய வயர் அறுந்திருக்கு இல்லன்னா மடங்கியிருக்கு, வீட்டுல எத மாத்துனாலும் சரி வராது, கம்பனிக்கு தான் சொல்லணும். குரங்கு தொங்குன வயர், எலி கடிச்ச வயர் ரெண்டையும் நான் பாத்திருக்கேன். வயரு நீளமா இருக்குன்னு அத ஆணியில இறுக்கி மடிச்சு கட்டாதீங்க, உள்ள இருக்கது கண்ணாடி.

"முன் காம்பராவுல ஓடுது, உள்ள இல்ல"

கருங்கல் செவரு ரெண்டு தாண்டுனா வைஃபை களைச்சு போயிரும். ரவுட்டர்ல 2.4ன்னு ஒரு வைஃபையும் 5ன்னு ஒன்னும் இருக்கும், 2.4 செவர தாண்டி தூரம் போகும் ஆனா மெதுவு, 5 வேகம் ஆனா அதே காம்பராவுக்குள்ள தான். உள்ள இருந்து படிக்கிற புள்ளைக்கு 2.4 போடுங்க. இதுல ஒன்னு, லயத்துல வரிசையா பத்து பன்னெண்டு வீடு, எல்லா வீட்டுலயும் ரவுட்டர், எல்லாம் 2.4ல, ஒருத்தர் பேசுறது ஒருத்தருக்கு கேக்காத சந்த மாதிரி ஆயிரும். ரவுட்டர் செட்டிங்ல செனல்னு இருக்கும், 1, 6, 11 இந்த மூணு தான் ஒன்னோட ஒன்னு மோதாது, பக்கத்து வீட்டுக்காரரோட பேசி ஆளுக்கொன்னா வச்சுக்கோங்க.

எக்ஸ்டென்டர், அதாவது வைஃபைய வாங்கி தள்ளி இருக்க எடத்துக்கு அனுப்புற சின்ன டப்பா, வாங்கலாமான்னு கேப்பாங்க. வாங்கலாம், ஆனா சிக்னல் செத்த எடத்துல கொண்டு போய் சொருகாதீங்க, நல்லா எடுக்குற எடத்துக்கும் எடுக்காத எடத்துக்கும் நடுவுல வைக்கணும், அப்பவும் அது பாதி ஸ்பீட சாப்பிடும். எனக்கு கேட்டா வயர் தான் நல்லம். ரவுட்டர்ல இருந்து லெப்டொப் வரைக்கும் ஒரு நெட்வேர்க் கேபிள் இழுத்துருங்க, 100 மீட்டர் வரைக்கும் ஒன்னும் கொறையாது, எக்ஸ்டென்டரவிட மலிவு, செவரு எத்தன இருந்தாலும் கவலயில்ல. மெலிஞ்ச லெப்டொப்புல கேபிள் ஓட்ட இல்லன்னா யூ.எஸ்.பி.யில போடுற சின்ன அடப்டர் கெடைக்கும்.

"போன்ல வைஃபை வருது, லெப்டொப்ல அந்த பேரே காட்டல"

பழைய லெப்டொப்புல 5 வைஃபை புடிக்காது, 2.4 மட்டும் தான். ரவுட்டர்ல ரெண்டையும் ஒரே பேர்ல போட்டிருந்தா சிலது தடுமாறும். செட்டிங்ல போய் ரெண்டுக்கும் வேற வேற பேர் வைங்க, செனல் 12, 13ல இருந்தா 11க்கு கொறைங்க, பாதுகாப்பு டபிள்யூ.பி.ஏ. 3 மட்டும்னு இருந்தா 2க்கு மாத்துங்க. வைஃபை பேர் எதுவுமே காட்டலன்னா எரோப்ளேன் மோட் போட்டிருக்கான்னு பாருங்க, சின்ன புள்ளைக கீபோர்ட்ல கை வச்சு தெரியாம போட்டுருவாங்க.

"வைஃபை கனெக்ட் ஆகுது, ஒரு சைட்டும் தொறக்கல"

பேக்கேஜ் முடிஞ்சிருக்கான்னு மொதல்ல பாருங்க. முடியல, ஆனா எந்த சைட்டுக்கு போனாலும் பாதுகாப்பில்லன்னு எச்சரிக்க வருதுன்னா லெப்டொப் திகதிய பாருங்க. பழைய லெப்டொப்ப ஓஃப் பண்ணி போட்டா திகதி அஞ்சாறு வருசம் பின்னுக்கு போயிரும், திகதி பிழைன்னா பாதுகாப்பான சைட் எதுவும் நம்பாது. திகதிய சரி பண்ணுனா ஒடனே தொறக்கும். ஒவ்வொரு தடவையும் போகுதுன்னா உள்ள போர்ட்ல இருக்க சின்ன பேட்டரி செத்திருச்சி, நெறைய லெப்டொப்ல அது சி.ஆர். 2032ன்னு சொல்ற வட்ட பேட்டரி தான், சின்ன செலவு. இதுக்காக லெப்டொப்ப வித்துட்டு வேற தேடுன ஒரு குடும்பத்த எனக்கு தெரியும், மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருந்திச்சி.

"மாச பேக்கேஜ் பத்து நாள்ல காலி"

லெப்டொப் வந்த மாசத்துல தான் இது நடக்கும். விண்டோஸ் ஒங்கள கேக்காம அப்டேட் எறக்கும். வைஃபை பேர கிளிக் பண்ணி ப்ரொபர்டீஸ்ல மீட்டர்ட் கனெக்ஷன்னு இருக்கத ஓன் பண்ணுங்க, கட்டுப்பட்டுரும். நைட் டேட்டா உள்ள பேக்கேஜ்னா அப்டேட்ட ராத்திரிக்கு வைங்க. கெமரா போட்டு பாக்குற கிளாஸ் மணித்தியாலத்துக்கு ஒரு ஜி.பி. கிட்ட போகும்னு கணக்கு வச்சுக்கோங்க. யூடியூப்ப 480ல வைங்க, பாடம் பாக்க அது தாராளம். லயத்து புள்ளைகளுக்கு பாஸ்வர்ட் குடுக்க வேணாம்னு நான் சொல்லமாட்டேன், பக்கத்து வீட்டு புள்ள படிக்கட்டும், ஆனா கெஸ்ட் வைஃபைன்னு ஒன்னு ரவுட்டர்ல இருக்கும், அத தனி பாஸ்வர்டோட குடுங்க.

"ரவுட்டர் அணைஞ்சு அணைஞ்சு எரியுது"

மொதல்ல ப்ளக். நம்ம வீடுகள்ல பழைய வட்ட பின் ப்ளக்கும் இருக்கு, புது சதுர பின் ப்ளக்கும் இருக்கு, நடுவுல ஒரு அடப்டர், அதுக்கு மேல மல்டி ப்ளக், அதுல ஆடிகிட்டு நிக்கிற ரவுட்டர் சார்ஜர். அத நேரா செவருல ஒரு நல்ல சொக்கட்ல போட்டு ஒரு நாள் பாருங்க. அப்பவும் அணையுதுன்னா சார்ஜர் வீக். பின்னால 12 வோல்ட் 1 அம்பியர்னு இல்லன்னா 1.5னு எழுதியிருக்கும், வோல்ட் அதே நம்பரா இருக்கணும், அம்பியர் கூட இருந்தா பரவாயில்ல கொறைய கூடாது. ஊசி உள்ள போகுதேன்னு வேற வோல்ட் சார்ஜர சொருகாதீங்க, அதோட ரவுட்டர் முடிஞ்சிரும்.

2022ல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டுன காலத்துல தான் மினி யூ.பி.எஸ்., அதாவது கரண்ட் போனாலும் ரவுட்டர ஓட்டுற சின்ன பேட்டரி பெட்டி, நம்ம பக்கம் பரவுனது. நல்ல சாமான். பெட்டியில 8,800 எம்.ஏ.எச்.ன்னு போட்டிருந்தா அது 8.8 அம்பியர் மணித்தியாலம், உள்ள இருக்க செல் 3.7 வோல்ட், பெருக்கி பாத்தா 32 வாட் மணித்தியாலம், மாத்தும்போது கொஞ்சம் வீணாகும், 6 வாட் இழுக்குற ரவுட்டருக்கு நாலு மணித்தியாலம் வரும். பத்து மணித்தியாலம்னு கடையில சொன்னா நம்பாதீங்க. வாங்கும்போது ஒங்க ரவுட்டர் வோல்டேஜ சொல்லி கேளுங்க.

இடி. இத நான் கெஞ்சி சொல்றேன். பங்குனி சித்திரையிலயும், அதே மாதிரி ஒக்டோபர் நவம்பர்லயும் பகல் வெயிலடிச்சு பின்னேரம் ரெண்டு மூணு மணிக்கு மேல கருக்கும்ல, அந்த நேரம் வீட்ட விட்டு போறதுன்னா ரவுட்டரையும் லெப்டொப் சார்ஜரையும் சொக்கட்ல இருந்து கழட்டிட்டு போங்க. சுவிட்ச மட்டும் ஓஃப் பண்ணுனா போதாது, கையால கழட்டணும். டெலிபோன் லைன்ல நெட் வர்றதுன்னா அந்த வயரையும், வெளி அன்டனா இருந்தா அதையும் கழட்டுங்க. இடி முழங்க ஆரம்பிச்ச பிறகு போய் வயர புடிக்காதீங்க, உயிர் முக்கியம், வானம் கருக்கும்போதே செய்யணும். என் சொந்த வீட்டுலயே ஒரு சித்திர மாசம் ரவுட்டரும் அதுல கேபிள் போட்டிருந்த லெப்டொப்பும் ஒன்னா போச்சி, கேபிள் வழியா ஏறி போர்டே கருகியிருந்திச்சி. தங்கச்சி அதுல தான் அசைன்மென்ட் செஞ்சுகிட்டிருந்தா.

"லெப்டொப் ஊந்து ஊந்து போகுது"

நெட்டு மேல பழி போட முன்னுக்கு கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அமுக்குங்க. டாஸ்க் மேனேஜர் வரும். டிஸ்க்னு இருக்க எடம் 100 வீதத்துலயே நின்னா கொற பழைய ஹார்ட் டிஸ்க், அத எடுத்துட்டு எஸ்.எஸ்.டி.ன்னு சொல்ற வேகமான டிஸ்க போட்டா அதே லெப்டொப் பறக்கும், நான் செஞ்ச ரிப்பேர்லயே ஜனங்க மொகம் மலர்ந்தது இதுல தான். மெமரி 90 வீதத்துக்கு மேல நின்னா ரேம் 4 ஜி.பி. தான் இருக்கும், 8 ஆக்குங்க. ரெண்டும் சேந்தாலும் புது லெப்டொப் வெலையில சின்ன பங்கு தான்.

ஒரு மணித்தியாலம் ஓடி, சூடாகி, தானா அணைஞ்சா அது காத்து போற வழி அடைச்சது. நுவரெலியா, தலவாக்கலை குளிருல புள்ளைக என்ன செய்றாங்க, கட்டில்ல கம்பளிய போத்தி அது மேல லெப்டொப்ப வச்சு படிக்கிறாங்க. அடியில இருக்க காத்து ஓட்டய கம்பளி மூடிரும், கம்பளி நூலும் உள்ள போய் ஃபேன்ல சுத்திரும். ஒரு பலகைய இல்லன்னா தட்ட அடியில வைங்க. வெறகடுப்பு உள்ள காம்பராவுல வைக்காதீங்க, அந்த கரி ஃபேன்ல எண்ண மாதிரி ஒட்டிக்கிறத நான் தொறந்து தொறந்து பாக்குறேன், வருசத்துக்கு ஒருக்கா சுத்தம் பண்ணி, உள்ள சூட்ட கடத்துறதுக்கு பூசியிருக்க பேஸ்ட்ட மாத்துனா போதும். மழ மாசத்துல பேக்குக்குள்ளயே பூட்டி வைக்காதீங்க, ஈரத்துல பூஞ்சணம் புடிக்கும், ரெண்டு நாளைக்கு ஒருக்காவாவது தொறந்து ஓட விடுங்க.

லெப்டொப்ப தொட்டா ஊசி குத்துற மாதிரி சுருக்குன்னு இருந்தா அத சாதாரணமா விடாதீங்க. வெளிப்பக்கம் உலோகத்துல செஞ்ச லெப்டொப்புல எர்த் இல்லாத சொக்கட்ல சார்ஜ் போட்டா லேசா அப்படி வரும். மூணு பின் சார்ஜர எர்த் உள்ள சொக்கட்ல போட்டா போயிரும். அப்பவும் போகலன்னா லயத்து வயரிங்ல எர்த்தே இல்ல, ட்ரிப் சுவிட்ச் வேல செய்யுதான்னும் சேத்து எலெக்ட்ரீசியன வச்சு பாருங்க. இது லெப்டொப் விசயமில்ல, வீட்டுல இருக்க புள்ளைக விசயம்.

"எதுவும் சரி வரல, புதுசு தான் எடுக்கணும்"

சரி, எடுங்க, ஆனா கடையில ஐ5, ஐ7ன்னு ப்ரொசசர் (லெப்டொப்போட மூளை) பேர சொல்றத மட்டும் வச்சு எடுக்காதீங்க. அதுக்கு பின்னால வர்ற நம்பர் தான் வயசு. ஐ5-6300ன்னா ஆறாவது ஜெனரேஷன், ஐ5-8250ன்னா எட்டாவது, 10, 11, 12ன்னு ஆரம்பிச்சா அந்த ஜெனரேஷன். நாலாவது ஜெனரேஷன் ஐ7ஐ விட பத்தாவது ஜெனரேஷன் ஐ3 நல்லம். எட்டுக்கு கீழ எடுக்காதீங்க, விண்டோஸ் 10க்கு மைக்ரோசொப்ட் குடுத்த சப்போர்ட் 2025 ஒக்டோபர் 14ஓட முடிஞ்சிருச்சி, விண்டோஸ் 11 முறையா ஏறணும்னா இன்டெல்ல பொதுவா எட்டாவதுல இருந்து தான். ரேம் 8, எஸ்.எஸ்.டி. 256. புதுசுன்னு சொல்லி மலிவா செலரோன் ப்ரொசசர், 4 ரேம், 64 ஸ்டோரேஜ் குடுப்பாங்க, பெட்டி பளபளன்னு இருக்கும், அதுல ரேமும் போர்டோட ஒட்டி தான் வரும், கூட்டவும் முடியாது. அந்த காசுக்கு கொம்பனிகள்ல பாவிச்சு வந்த திங்க்பேட், லெட்டிடியூட், எலைட்புக் மாதிரி ஒன்னு எடுத்தா ஏ.எல். முடிஞ்சு கெம்பஸ் வரைக்கும் ஓடும்.

பாவிச்சது எடுக்கும்போது அவசரப்படாதீங்க, கடைசி பஸ்ஸ புடிக்கணும்னு பின்னேரம் போகாம காலையில போங்க. அணைச்சிட்டு திருப்பி ஓன் பண்ணி பாருங்க, விண்டோஸ் வர முன்னுக்கே பயோஸ் பாஸ்வர்ட்னு ஒன்னு கேட்டா அந்த லெப்டொப் வேணாம். பேட்டரி ரிப்போர்ட் எடுத்து காட்ட சொல்லுங்க, அதுல டிசைன் கெப்பாசிட்டி 50,000ன்னு இருந்து ஃபுல் சார்ஜ் 21,000ன்னு இருந்தா பேட்டரி பாதிக்கு மேல செத்திருச்சி, அத சொல்லி வெலைய கொறைங்க. நோட்பேட தொறந்து எல்லா கீயையும் ஒவ்வொன்னா அமுக்குங்க. ஒங்க போன் ஹொட்ஸ்பொட்ல கனெக்ட் பண்ணி ஒரு கால் மணித்தியாலம் வீடியோ ஓட விட்டுட்டு அடியில கைய வச்சு பாருங்க, அப்படியே கதவு வரைக்கும் தூக்கிட்டு போங்க, பத்தடியில வைஃபை அறுந்தா உள்ள இருக்க அன்டனா வயர் கழண்டிருக்கு. கெமராவும் மைக்கும் கிளாஸுக்கு வேணும், அதையும் பாருங்க. எனக்கு தெரிஞ்ச ஒரு தாத்தா டவுன்ல ஒரு கடையில பேத்திக்கு எடுத்துட்டு போயி மூணாம் நாள் மைக் வேல செய்யலன்னு திருப்பி கொண்டு வந்தாரு, பில்லுல "லெப்டொப் 1"ன்னு மட்டும் தான் எழுதியிருந்திச்சி, இது எங்ககிட்ட எடுத்ததே இல்லன்னுட்டாங்க. பில்லுல மொடல், சீரியல் நம்பர், எத்தன மாசம் வொரன்டி, எதுக்கெல்லாம் வொரன்டின்னு எழுதி, கடை சீல் வச்சு வாங்குங்க, அந்த சீரியல் நம்பரும் லெப்டொப்புக்கு அடியில இருக்க நம்பரும் ஒன்னு தானான்னு கடைய விட்டு எறங்க முன்னுக்கே ஒத்து பாத்துருங்க.